தோட எருமையும் முர்ரா ஊசியும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நீலகிரியில் தோடர்கள் வளர்க்கும் தோட எருமை பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் அந்தியூர்ப் பக்கம். வீட்டில் ஆறு எருமை. டி.என்.ஏ. மார்க்கர் வைத்து எட்டு இனங்களை அளந்தபோது தோட எருமையில்தான் வகைகள் குறைவாக இருந்தன என்று எழுதியிருந்தீர்கள். வேறுபாடு குறைவு என்றால் ஹரியானா முர்ரா இனத்தின் சினை ஊசி போட்டுக் கலந்துவிட்டால் கூடிவிடும் அல்லவா? பாலும் கூடும். பிறகு ஏன் கலக்கக் கூடாது என்கிறார்கள்? எருமை எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கிறது, அதில் எதை அளக்கிறார்கள்? இன்னொன்று. எங்கள் பக்கத்து எருமைகளுக்கும் ரத்தம் எடுக்க வருவார்களாமே என்று பேச்சு வந்தபோது, எடுத்தால் பால் வற்றிவிடுமா என்று அம்மா கேட்டார். அதையும் உங்களிடமே கேட்டுவிடுகிறேன்.

ஒரு வாசகர், அந்தியூர்

அன்புள்ள நண்பருக்கு,

தப்பு என்னுடையது. 'வேறுபாடு' என்ற ஒரே சொல்லில் இரண்டு சங்கதிகளைப் போட்டு அடைத்துவிட்டேன். ஓர் இனத்துக்குள்ளேயே மாட்டுக்கு மாடு இருக்கும் வேறுபாடு ஒன்று. அந்த இனத்துக்கும் மற்ற இனங்களுக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு இன்னொன்று. முர்ரா ஊசி போட்டால் முதலாவது கூடும், நீங்கள் சொல்வது சரிதான். இரண்டாவது அதே ஊசியில் கரைய ஆரம்பிக்கும்.

எதை அளக்கிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கும்மிப் பாட்டில் 'தன்னன்னே தன்னன்னே' என்று அடுக்கிக்கொண்டே போவார்கள் இல்லையா? டி.என்.ஏ.யிலும் அங்கங்கே அப்படி இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப அடுக்கி வரும் இடங்கள் உண்டு. மைக்ரோசாட்டலைட் என்று பெயர். ஒரு எருமையில் ஓர் இடத்தில் 12 தடவை அடுக்கியிருந்தால் இன்னொன்றில் 15 தடவை இருக்கும். தாயிடமிருந்து ஒரு அடுக்கு, தகப்பனிடமிருந்து ஒரு அடுக்கு. அந்தத் துண்டை மட்டும் பி.சி.ஆர். முறையில் பெருக்கி நீளத்தைப் பார்த்தால் இந்த மாட்டுக்கு 12-15, அந்த மாட்டுக்கு 14-14 என்று குறித்துவிடலாம். இப்படி ஓர் இனத்தில் சுமார் 50 மாடுகளில், 25, 30 இடங்களில் பார்த்தால் கணக்குப் போட விஷயம் சேர்ந்துவிடும். எருமைக்குப் பயன்படுத்தும் இந்த இடங்களில் பெரும்பாலானவை முதலில் பசுமாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை. எருமையிலும் அப்படியே வேலை செய்தன. பங்காளி ஜாதிதானே.

இந்த அடுக்குகளால் பால் கூடுவதும் இல்லை, கொம்பு வளைவதும் இல்லை. அவை சும்மா கிடப்பவை. யாருடைய பார்வைக்கும் சிக்காததால் யாரும் அவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. அதனால்தான் வம்ச வரலாறு அவற்றில் கலப்படமில்லாமல் பதிந்திருக்கிறது. நீங்கள் 'ஒன்றுபோல இருக்கிறது' என்பது தோலைப் பார்த்து. (ஊட்டிப் பக்கம் போனால் அதுவும் நிற்காது. தோட எருமை சாம்பல் நிறத்தில், பழுப்பில் எல்லாம் இருக்கும். கொம்பு அகலமாக விரிந்து பிறை போல மேலே வளையும்.)

நான் குறிப்பிட்டது 2006-ல் வெளிவந்த ஆய்வு. 8 இந்திய இனங்கள், 27 இடங்கள். தோட எருமையில் மொத்தம் 166 அடுக்கு வகைகள். முர்ராவிலும் மெஹ்சானாவிலும் தலா 194. எட்டில் குறைவு தோட எருமைதான், ஆனால் 194-க்கு 166 என்பது பஞ்சம் இல்லை. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. எந்த இரண்டு இனத்தைப் பக்கத்தில் நிறுத்தினாலும், மொத்த வேறுபாட்டில் இனத்துக்கும் இனத்துக்கும் நடுவே உள்ளது முக்கால் சதவீதத்திலிருந்து 6 சதவீதம் வரைதான். மற்றதெல்லாம் அந்தந்த மந்தைக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சின்னப் பங்கை வைத்துக்கொண்டு உறவு மரம் வரைந்தபோது தோடா, ஜாஃபராபாதி, பண்டர்புரி மூன்றும் தனித்தனிக் கிளையாக நின்றன. முர்ரா, மெஹ்சானா, சூர்த்தி, நாக்பூரி, பதாவரி ஐந்தும் கலப்பாகத் தெரிந்தன. ஆக, முர்ராவின் 194 என்பது நாலு ஓடைத் தண்ணீர் வந்து சேர்ந்த ஏரி. தோட எருமையின் 166 ஒரே சுனை. ஏரியில் தண்ணீர் அதிகம் என்பதற்காகச் சுனையை அதில் திருப்பிவிட வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டோம்.

உங்கள் யோசனையையே நடத்திப் பார்ப்போம். தோட எருமைக்கு முர்ரா ஊசி. கன்றில் பாதி தோடா, பாதி முர்ரா. தாயிடம் 12, தகப்பனிடம் 15, அதனால் பல இடங்களில் இரண்டு வேறு அடுக்குகள். சோதனைக்கூடத்தில் அளந்தால் 'ஆகா, வேறுபாடு கூடிவிட்டது' என்றே காட்டும். அந்தக் கிடேரிக்கு மறுபடி முர்ரா ஊசி, கால் பங்கு தோடா. அதற்கும் ஒரு ஊசி, அரைக்கால். மூன்று தலைமுறையில் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். அளவுகோலுக்கு இது தெரியாது, எண்ணிக்கையை மட்டும் சொல்லும். அந்த எண்ணை யார், எதற்காகப் படிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பால் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. தோட எருமை ஓர் ஈற்றில் 500 கிலோ போலத்தான் கறக்கும், முர்ரா அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ஆனால் தோட எருமைப் பாலில் கொழுப்பு 8 சதவீதம். அதைவிட, 2,000 மீட்டருக்கு மேல், குளிரிலும் மழையிலும், கொட்டகைத் தீவனம் இல்லாமல் புல்லை மேய்ந்தே பிழைக்கும் மாடு அது. இந்தக் குணங்கள் எந்த ஜீனில் இருக்கின்றன என்று மேலே சொன்ன 27 இடங்களும் சொல்லாது. தனிக்கிளை என்று மட்டுமே சொல்லும். எங்கே இருக்கிறது என்று தெரியாத பொருளை வீட்டோடு சேர்த்து விற்காமல் இருப்பதுதான் புத்தி என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆய்வு, தோட எருமை மற்ற முக்கிய இனங்களிலிருந்து பிரிந்து சுமார் 1,800 முதல் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்றும் மதிப்பிட்டது. அதை எடுத்துக்கொண்டு 'தோடர்கள் 2,700 ஆண்டுகளுக்கு முன் மலையேறினார்கள்' என்று சிலர் பேசுகிறார்கள். அவசரம். மாடு பிரிந்த காலமும் மனிதர் மலைக்கு வந்த காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தோடர் என்ற பெயர் கிடைக்கும் ஹொய்சளர் கல்வெட்டு 1117-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நடுவில் உள்ள ஆயிரத்து எண்ணூறு வருடத்தை எருமை ரத்தத்தைக் கொண்டு நிரப்ப முடியாது.

சரி, கலக்கவும் கூடாது, வகையும் குறையக் கூடாது என்றால் வழி? கடாக்களின் எண்ணிக்கை. இதை நான் அந்தக் குறிப்பில் சொல்லாமல் விட்டது பெரிய குறை. ஒரு மந்தையில் 200 எருமை இருந்தும் பொலிக்கு ஒரே கடா என்றால், மரபுக் கணக்கில் அது 4 மாடு உள்ள மந்தைக்குச் சமம். சூத்திரம் எளிது: கடா எண்ணிக்கையை எருமை எண்ணிக்கையால் பெருக்கி, அதை 4-ஆல் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 4 கடா வைத்தால் 16-க்குச் சற்றுக் குறைவு. 20 கடா வைத்தால் 73 பக்கம் வரும். 50-க்குக் கீழே போனால் நெருங்கிய உறவுக் கலப்பு வேகமாக ஏறும் என்பது பொதுவாக எல்லாரும் வைத்துக்கொள்ளும் எல்லை. பால் கறக்காத கடாவுக்கு யார் தீனி போடுவது என்றுதான் எல்லா ஊரிலும் அதை விற்றுவிடுகிறோம். மந்தையைப் பார்த்தால் நிறைந்திருக்கும், கணக்கில் நாலு மாடுதான்.

பல வருடம் முன்பு ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், வயதான தோடர் ஒருவருடன் உட்கார்ந்திருந்தேன். மேய்ந்து வந்த ஒவ்வொரு எருமைக்கும் பெயர் சொன்னார், அதன் தாய் பெயர் சொன்னார், தாயின் தாய் பெயரும் சொன்னார். இதன் தகப்பன் எது என்று ஒன்றைக் காட்டிக் கேட்டேன். சிரித்துவிட்டு மலையைக் காட்டினார். தாய்வழி முழுக்க மனிதர் நினைவில் இருக்கிறது, தகப்பன்வழி புல்வெளியில் தொலைந்துவிட்டது. மைக்ரோசாட்டலைட் பிடித்துத் தருவது அந்தத் தொலைந்த பாதியையும் சேர்த்துத்தான். எந்த மந்துக் கடாவை எந்த மந்துக்கு மாற்றினால் உறவு நெருக்கம் குறையும் என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம், அதற்கு ஹரியானாவிலிருந்து கடா வர வேண்டியதில்லை. அப்புறம், மேய்ச்சல் நிலமெல்லாம் சீகை மரமும் தைலமரமும் தேயிலையுமாக ஆகிவிட்ட பிறகு மாற்றிவிட்ட கடா எங்கே மேயும் என்பது தனிக் கேள்வி. அது டி.என்.ஏ. ஆட்களிடம் கேட்கும் கேள்வி இல்லை.

இப்போது டி.என்.ஏ.யில் 90,000 இடங்களை ஒரே தடவையில் பார்க்கும் எருமைச் சில்லு (சோதனைக்கூடத்து 'சிப்') இருக்கிறதே, பழைய 27 எதற்கு என்று இன்னொரு நண்பர் கேட்டார். அந்தச் சில்லுக்கு இடங்களைத் தேர்ந்தது இத்தாலிய எருமை, முர்ரா, ஜாஃபராபாதி, நீலி-ராவி ஆகியவற்றிலிருந்து. தஞ்சாவூர்க்காரரிடம் கேட்டுத் தொகுத்த சொற்பட்டியலை வைத்து நாகர்கோவில்காரரின் சொல்வளத்தை அளந்தால் அவர் ஊமை என்றுதான் வரும். தோட எருமைக்கும் உங்கள் பக்கத்து மலை எருமைக்கும் அந்த அநியாயம் நடக்க வாய்ப்புண்டு. அதனால் சில்லில் 'வேறுபாடு குறைவு' என்று வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள்.

உங்கள் பக்கம் பர்கூர் மலை எருமை இப்போது தனி இனமாகவே பதிவாகியிருக்கிறது. ரத்தம் எடுக்க வந்தால் தடுக்க வேண்டாம். அம்மாவிடம் சொல்லுங்கள், கழுத்து நரம்பில் எடுப்பது 10 மில்லி போலத்தான், ஒரு சின்ன மருந்துக் குப்பி கூட நிறையாது. பால் வற்றாது. ஊசி என்றாலே அவருக்கு மனசு ஒப்பவில்லை என்றால், வால்முடியில் நாலைந்தை வேரோடு பிடுங்கிக் கொடுத்தாலும் டி.என்.ஏ. கிடைத்துவிடும். பிடுங்கும்போது பின்னங்காலுக்கு நேராக நிற்க வேண்டாம் என்று மட்டும் வருகிறவர்களிடம் சொல்லிவையுங்கள்.