இரண்டு பையன்கள் உள்ள வீட்டில் அன்றாடம் எப்படிப் போகிறது? இளையவன் நடக்கத் தாமதமானால் கவலைப்பட வேண்டுமா?

மூத்தவனுக்கு ஆறு வயது, இளையவனுக்கு ஒன்றேகால் வயது. மூத்தவன் பதினோரு மாதத்தில் நடந்துவிட்டான், இவன் இன்னும் நடக்கவில்லை, பெரியவனோ எதற்கெடுத்தாலும் அடம்பிடிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது போன வருடத்து என்னையே பார்த்த மாதிரி இருந்தது. என் பெரியவனுக்கு இப்போது ஆறு வயது நான்கு மாதம், சின்னவனுக்கு 22 மாதம். பெரியவன் பதினோராவது மாதம் முடிவதற்குள் நடந்தான். சின்னவன் பதினைந்து மாதம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் முதல் எட்டு வைத்தான். நடுவில் இருந்த அந்த நான்கு மாதமும் ராத்திரி தூங்குகிற பிள்ளையின் காலை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் முதலில் நடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதன்படி, ஒரு குழந்தை பிடிமானம் இல்லாமல் தானாக நடக்க ஆரம்பிக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஒன்பது மாதத்துக்கும் மேலான அகலம் அது. என் இரண்டு பிள்ளைகளுமே அதற்குள் அடங்குகிறார்கள், உங்கள் மூத்தவனும் அடங்குகிறான், இளையவனுக்கு அந்தக் கெடு இன்னும் முடியவில்லை. அதே ஆய்வில் 4.3 சதவீதக் குழந்தைகள் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழவே இல்லை.

எங்கள் மருத்துவர் நடையைப் பற்றிக் கேட்டது குறைவு. பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறானா, சுவரோரமாக நகர்கிறானா, இரண்டு காலையும் ஒன்றுபோல ஊன்றுகிறானா என்று கேட்டுவிட்டு, பேச்சை வேறு பக்கம் திருப்பினார். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா? பேர் சொன்னால் திரும்புகிறானா? நீங்கள் காட்டும் பக்கம் பார்க்கிறானா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். "அப்போ பொறுங்க. பதினெட்டு மாசம் ஆகியும் தனியா நடக்கலைன்னா வாங்க. வந்த ஒரு பழக்கம் திரும்பிப் போச்சுன்னா மட்டும், எந்த வயசா இருந்தாலும் அன்னிக்கே வாங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாக வருவது பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்துவதோ, கையாட்டிக்கொண்டிருந்த பிள்ளை அதை விட்டுவிடுவதோ வேறு விஷயம். அதற்குக் காத்திருக்கக் கூடாது.

இனி அந்த முதல் எட்டு. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பெரியவன் தரையில் கட்டைகளை அடுக்கி ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தான். நாலு மாடியோ ஐந்து மாடியோ, அதற்கு ஒரு கதவு வைப்பதற்காக அரை மணி நேரமாகக் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். சின்னவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றான். திடீரென்று சடசடவென்று சத்தம். "அம்மா, என் வீட்டை இடிச்சிட்டான்!" என்று பெரியவன் அலறினான். அழுகை உச்சத்துக்குப் போகும் வழியில் அப்படியே நின்றுவிட்டது. கண்ணில் நீரோடு கட்டிலையும் கட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தான். "அம்மா... அவன் நடந்துல்ல வந்தான்?"

நான் பார்க்கவில்லை. நாலு மாதம் காத்திருந்த எனக்குக் காணக் கிடைக்காததை, வீடு இடிந்த துக்கத்தோடு அவன்தான் பார்த்திருக்கிறான். பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. மணலில் சிறுமியர் கட்டி விளையாடும் சிறு வீட்டைக் காலால் அழிக்க வரும் ஆண்பிள்ளையிடம், எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே என்று கெஞ்சுவதாகப் பாடுவார்கள். 17ஆம் மாதத்துக்கு உரியது என்று கணக்கு. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அது வெறும் பாட்டு. அன்றைக்குத்தான் புரிந்தது, அதைப் பாடியவர்கள் நடக்கத் தொடங்கிய பிள்ளையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் என்று. தட்டினால் விழும், விழுந்தால் சத்தம் வரும், அதைச் செய்தது நான் என்று கண்டுபிடித்த வயது அது. அவனுக்கு அது அழிவே இல்லை.

ஆனால் கட்டியவனுக்கு அழிவுதான். அதை நாம் மறக்கக் கூடாது. "சின்னப் பையன், தெரியாமப் பண்ணிட்டான், விட்டுக்கொடு" என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. மேசைக்கு மேல் இருப்பது பெரியவனுடையது, தம்பிக்கு எட்டாது, எட்டவும் விடமாட்டேன். தரையில் இருப்பது இருவருக்கும் பொது என்று ஒரு ஏற்பாடு செய்தோம். தரையில் கட்டினால் தம்பி இடிப்பான் என்று அவனுக்குத் தெரியும். சில நாள் மேசையில் கட்டுகிறான். சில நாள் தம்பி இடிக்க வேண்டும் என்பதற்காகவே தரையில் உயரமாகக் கட்டிவிட்டு "வா, வா" என்று கூப்பிடுகிறான்.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு நல்லதும் உண்டு. பெரியவனின் சாமான்களில் சின்னச் சின்ன உருப்படிகள் நிறைய. மூன்று வயதுக்குள் எல்லாமே வாய்க்குத்தான் போகும். அதிலும் பட்டன் பேட்டரி இருக்கும் எந்தப் பொம்மையையும் தரைக்கு வரவிடாதீர்கள். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். மூடி திருகாணியால் மூடியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இதைப் பெரியவனிடமும் காரணத்தோடு சொல்லி வைத்திருக்கிறேன். என்னைவிடக் கவனமாக அவன்தான் தரையைப் பார்க்கிறான்.

அடம் பற்றிக் கேட்டீர்கள். தம்பி பிறந்தபோது பெரியவன் அவ்வளவு அன்பாக இருந்தான், பொறாமையே இல்லாத பிள்ளை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பி தவழ ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் வந்தது. ஊட்டிவிடச் சொன்னான், மழலை பேசினான், தூக்கச் சொன்னான். படுத்த இடத்திலேயே இருக்கும் பாப்பா அவனிடமிருந்து அம்மாவை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. தவழும் பாப்பா அவன் புத்தகத்தை, பந்தை, படுக்கையை, இடத்தை எல்லாம் எடுத்துக்கொள்கிறது. ஊட்டிவிடச் சொன்னால் நான் ஊட்டிவிட்டேன். "இவ்வளவு பெரிய பையனுக்கா?" என்று பார்க்கிறவர்கள் கேட்டார்கள். இரண்டு மாதத்தில் அவனே நிறுத்திக்கொண்டான்.

எனக்கு எல்லாவற்றையும் மாற்றிப்போட்டது ஒரு விளையாட்டு. சின்னவனுக்குப் பத்து மாதம் இருக்கும். பெரியவன் ஒரு கரண்டியைத் தலையணைக்கடியில் ஒளிப்பான், தம்பி தலையணையைத் தள்ளி எடுப்பான். இரண்டு மூன்று தடவை இப்படி. பிறகு, தம்பி பார்த்துக்கொண்டிருக்கும்போதே போர்வைக்கடியில் ஒளிப்பான். தம்பி மறுபடியும் தலையணைக்கே போவான்! பெரியவன் விழுந்து விழுந்து சிரிப்பான். சீண்டுகிறான் என்று நினைத்து இரண்டு நாள் அதட்டினேன். பிறகுதான் தெரிந்தது, தன் மூன்று குழந்தைகளை உட்கார்ந்து கவனித்தே எவ்வளவோ எழுதிய சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விவரித்த சங்கதி இது. எட்டிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை குழந்தைகள் இப்படித்தான் முன்பு கிடைத்த இடத்திலேயே தேடுவார்கள். என் பெரியவன் அதைத் தானாகக் கண்டுபிடித்திருக்கிறான்.

தம்பிக்கு ஒரு வயது ஆகும் சமயம், ஒரு சாயங்காலம் அடுப்படிக்கு ஓடிவந்தான். "அம்மா, இப்போ அவன் ஏமாற மாட்டேங்கிறான். நேரா போர்வைக்கே போறான்!" தோற்றுப்போனவன் முகமாக அது இல்லை. தன் மாணவன் தேறிவிட்ட சந்தோஷம் முகமெல்லாம். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன், உண்மைதான். அன்று ராத்திரி யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். கரண்டி எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியும், தம்பி வேறு இடத்தில் இருப்பதாக நினைக்கிறான் என்பது பெரியவனுக்குப் புரிந்திருக்கிறதே, அதுவே ஒரு வளர்ச்சிப் படி. இன்னொருவர் மனதில் தப்பான எண்ணம் இருக்க முடியும் என்பது பிள்ளைகளுக்கு நாலு, ஐந்து வயதில்தான் பிடிபடும். ஒரே கரண்டியை வைத்து இரண்டு பேருமே ஒரு படி ஏறியிருக்கிறார்கள். நான் தம்பியின் படியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரையும் சேர்த்தே பார்க்கிறேன். தம்பிக்குக் கோரைப்பல் முளைத்த அதே வாரம் அண்ணனுக்கு முதல் பால்பல் விழுந்தது. தம்பி அண்ணன் வாய்க்குள் விரலை விட்டு அந்த ஓட்டையைத் தடவித் தடவிப் பார்த்தான். தம்பி கரண்டியைத் தானே பிடித்துப் பாதியாவது வாயில் போட்டுக்கொண்ட நாட்களில் அண்ணன் செருப்பு வார் போடக் கற்றான், குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்ளக் கற்றான். தம்பியின் படிகளுக்கு அட்டவணை இருக்கிறது, மருத்துவர் கேட்கிறார், தாத்தா பாட்டி கேட்கிறார்கள். ஆறு வயதுக்காரனின் படிகளை யாரும் கேட்பதில்லை. பேச வந்ததை அடக்கிக்கொண்டு, நான் தம்பியைத் தூங்கவைத்து முடிக்கும்வரை வாசற்படியில் சத்தமில்லாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தானே ஒரு நாள், அது நடப்பதைவிடக் கடினமான வேலை.

அன்றாடம் என்று கேட்டால், காலை நேரம் ஓட்டம்தான், அதைச் சமாளிக்க எனக்கு எந்த உபாயமும் கிடைக்கவில்லை. தூக்கத்தை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம், ஆறு வயதுக்கு மேல் 9 முதல் 12 மணி நேரம் தேவை. சின்னவனுக்குப் பகலில் இரண்டு தூக்கம் ஒன்றாகக் குறைந்த அந்த ஒரு மாதம் சாயங்காலம் ஆனாலே வீடு ரணகளம். உங்கள் பிள்ளைக்கும் இப்போது அந்த வயதுதான். சண்டையில் பாதி அந்தத் தூக்கத்தால்கூட இருக்கலாம். அந்த நாட்களில் ராத்திரி ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்கவைத்துப் பாருங்கள். சின்னவன் பகலில் தூங்கும் நேரம் விடுமுறை நாட்களில் பெரியவனுடையது. பாத்திரம் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு அவனோடு உட்காருகிறேன். கடி, கிள்ளல் எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. சொல்லத் தெரியாதவன் கடிக்கிறான், சொல் வர வர அது குறைந்தது.

சொல் என்றதும் ஒன்று. இளையவர்கள் பேசத் தாமதமாகும் என்பார்கள். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் நான், நீ, என்னுது, உன்னுது போன்ற சொற்களை அவர்கள் மூத்த பிள்ளைகளைவிட முன்னதாகவே பிடித்துக்கொள்கிறார்கள் என்று 1996இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. மற்றவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே இருப்பதால் அப்படி. எங்கள் வீட்டில் "அம்மா"வுக்கும் "ண்ணா"வுக்கும் அடுத்து வந்த சொல் "என்னுது". யாரிடம் கற்றான் என்று சொல்லவே வேண்டாம்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முன்பு தம்பிக்கு மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன், இப்போது இருவருக்கும். போன மாதம் ஒரு நாள் பெரியவன் பள்ளி கிளம்பும்போது சின்னவன் கதவைப் பிடித்துக்கொண்டு "அண்ணா வா" என்றான். இரண்டு சொல்லைச் சேர்த்து அவன் பேசியது அதுதான் முதல் தடவை. நானும் கேட்டேன், அவனும் கேட்டான். சாயங்காலம் வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, நான் எழுதட்டுமா?" என்று நோட்டை வாங்கிக்கொண்டான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவன் தானாக எழுதிய முதல் வரி அது. "தம்பி அன்னா வா சொன்னான்" என்று எழுதியிருக்கிறான். மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. நான் திருத்தவில்லை. கீழே தேதி போட்டு, இரண்டு பேர் பெயரையும் எழுதி வைத்தேன்.