முதலில் வந்த அணி பின்தங்கியது ஏன்?

அலாஸ்காவில் நாய்கள் பனிச்சறுக்கு வண்டியை இழுத்தோடும் இடிடரோட் பந்தயத்தில், டகோட்னா என்ற நிறுத்தத்துக்கு முதலாவதாக வந்த அணி அங்கேயே கிடக்கிறது, பதினோரு அணிகள் தாண்டிப் போய்விட்டன, நாய்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இந்தப் பந்தயத்தில் ஒவ்வொரு அணியும் ஏதாவது ஒரு நிறுத்தத்தில் 24 மணி நேரம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். எங்கே என்பது ஓட்டுநரின் முடிவு. டகோட்னா அதற்குப் பலர் விரும்பும் ஊர். முன்னால் போனவர்கள் இன்னும் அந்த ஓய்வை எடுக்கவில்லையென்றால், அவர்களுடையது முன்னிலை அல்ல, கடன். தொடக்கத்தில் 2 நிமிட இடைவெளியில் கிளம்பியதால் வந்த வித்தியாசமும் இந்த ஓய்வில்தான் நேர்செய்யப்படுகிறது.

இது தவிர யூக்கான் ஆற்றுப் பகுதி நிறுத்தம் ஒன்றில் 8 மணி நேரம், ஒயிட் மவுண்டன் என்ற ஊரில் 8 மணி நேரம் ஓய்வு கட்டாயம். மற்ற ஓய்வெல்லாம் ஓட்டுநரின் கணக்கு. ஆறு மணி நேரம் ஓட்டம், ஆறு மணி நேரம் ஓய்வு என்பது பழைய வாய்ப்பாடு. வெயில் ஏறினால் நாய்களுக்குச் சூடு தாங்காது. அதனால் பகலில் வைக்கோல் மேல் படுக்கவைத்து இரவில் ஓட்டுவார்கள். ஓய்வு நாய்களுக்கு மட்டும்தான், பாவம் ஓட்டுநர்! பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சி, உணவு கொடுத்து, ஒவ்வொரு பாதத்தையும் பார்த்து முடிப்பதற்குள் அவருக்கு ஒரு மணி நேரத் தூக்கம் மிஞ்சினால் அதிகம்.

அணிகள் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தில் யார் முன்னால் என்று பார்க்காதீர்கள். ஓய்வுக்குப் பின் அந்த அணியின் வேகம் கூடுகிறதா என்று பாருங்கள்.