கோயில் சிலை திருடு போனால் சாமியே வழக்குப் போட முடியுமா?

முடியும். இந்தியச் சட்டப்படி கோயில் மூர்த்தி ஒரு சட்ட நபர். சொத்து வைத்திருக்கலாம், வழக்காடலாம். அவர் சார்பில் பேச மட்டும் ஒரு மனிதர் வேண்டும், மைனர் பிள்ளைக்குக் கார்டியன் மாதிரி.

இதற்கு நம்ம பத்தூர் நடராஜரே சாட்சி. திருவாரூர் பக்கம் 1976-இல், இடிந்த கோயிலருகே ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் தட்டுப்பட்டவர், கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். 1982-இல் ஒரு கனடா நிறுவனம் வாங்கியது. லண்டன் போலீஸ் சிலையைக் கைப்பற்ற, நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. கோயிலும் சிலைக்கு உரிமை கோரியது. அதை ஒரு தரப்பாக ஏற்கவே கூடாது என்று நிறுவனத்தார் வாதாடிப் பார்த்தார்கள். நிபுணர்கள் சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும் பத்தூரில் கிடைத்த மற்ற சிலைகளோடு ஒப்பிட்டார்கள் (கரையான்கூடச் சாட்சி சொன்னது!). 1988 தீர்ப்பு நமக்குச் சாதகம். 1991-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், பாழடைந்த அந்தக் கோயிலுக்கே உரிமை என்றது. அதே ஆண்டு நடராஜர் தமிழ்நாடு திரும்பினார்.