தேவாலயத்தில் அடைக்கலம் என்றால் என்ன? போலீஸ் ஏன் உள்ளே போவதில்லை?

துரத்தப்படுபவரைத் தேவாலயம் உள்ளே சேர்த்துக் காப்பதே அடைக்கலம். அடிக்க வரும் அப்பாவிடமிருந்து பிள்ளை பாட்டியின் முதுகுக்குப் பின்னால் ஒளிவது போலத்தான். பாட்டிக்கு அதிகாரம் கிடையாது. ஆனாலும் அவரைத் தள்ளிவிட்டு அப்பா கைநீட்டமாட்டார். கோபம் தணிய அவகாசம் கிடைக்கும்.

நெதர்லாந்தில் வழிபாடு நடக்கும்போது அதிகாரிகள் உள்ளே நுழையச் சட்டமே தடை. 2018 அக்டோபரிலிருந்து, நாடுகடத்தப்படவிருந்த ஓர் அர்மேனியக் குடும்பத்துக்காக ஹேக் நகரின் பெத்தேல் ஆலயம் வழிபாட்டை நிறுத்தவே இல்லை. நூற்றுக்கணக்கான போதகர்கள் முறைவைத்து, இரவுபகலாக 96 நாள்! அரசு இறங்கிவந்தது, குடும்பம் நெதர்லாந்திலேயே தங்கியது. நம்பிக்கை செயலாவதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

குற்றவாளி ஆலயத்துக்குள் புகுந்தால் தப்பிவிடுவார் என்பது தவறு: இடைக்கால இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தில்கூட 37 நாள் அவகாசம்தான், பிறகு சமரசம் அல்லது நாட்டைவிட்டு வெளியேற்றம்.