ஊசி, காகிதம், பிக்சல்: வாசகர் கேள்வி பதில்

வீடியோ கேம், காமிக்ஸ், காஸ்ப்ளே (பிடித்த கதாபாத்திரம் போல உடையணிந்து வருவது), எம்பிராய்டரி, காகித மடிப்பு என்று எனக்குப் பிடித்தவற்றைப் பற்றி இந்த இதழில் எழுதி வருகிறேன். டிசைன் படிப்பில் இறுதியாண்டு. வந்த கேள்விகளில் என் கைக்குப் பழக்கமான விஷயங்களைத் தொட்டவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேம் பற்றி எழுதிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று தையலுக்குப் போய்விடுகிறீர்கள். கேம், அனிமே விரும்புகிறவர்கள் ஒரு கூட்டம், கைவினை செய்கிறவர்கள் வேறு கூட்டம் இல்லையா? இரண்டுக்கும் என்ன தொடர்பு?
(பொறியியல் மாணவர் ஒருவர்)

எனக்கு இரண்டும் ஒரே ஆசைதான். என்னிடம் ஒரு கிராஃப் நோட்டு இருக்கிறது. அதில் நிரப்பி வைத்த கட்டங்கள் திரைக்குப் போனால் கேம் பாத்திரம். துணிக்குப் போனால் கிராஸ் ஸ்டிச், அதாவது கட்டத்துக்கு ஒன்றாகப் பெருக்கல் குறி போலப் போடும் தையல். நடுவில் ஒரு கட்டத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

சூசன் கேரைப் பற்றித் தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. 1984இல் வந்த முதல் மேக்கின்டாஷ் கணினியின் சின்னங்களை வரைந்தவர் அவர். நுண்கலையில் முனைவர் பட்டம் பெற்றவர். கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, 32-க்கு 32 கட்டங்களில் கறுப்பு, வெள்ளை மட்டும் வைத்து வரைந்தார். திரையில் புள்ளி புள்ளியாக வரைவது மொசைக், ஊசி வேலை மாதிரிதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். மொத்தம் 1,024 கட்டங்கள். சிரிக்கும் கணினி முகத்தை அந்த இடத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்.

மரியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் டான்கி காங் கேமில் அவர் முதலில் வந்தபோது, இருந்த புள்ளிகளில் தலைமுடியை ஒழுங்காகக் காட்ட முடியவில்லை, அதனால் தொப்பி. வாய் வரைய இடமில்லை, அதனால் மீசை. மூக்கும் தனியாகத் தெரிய ஆரம்பித்தது. கை ஆடுவது கண்ணில் படவேண்டும் என்று சட்டைக்கு ஒரு நிறம், அதன்மேல் போட்ட உடைக்கு வேறு நிறம். உலகமே அடையாளம் கண்டுகொள்ளும் ஒரு முகம் இடப் பற்றாக்குறையில் பிறந்தது! 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் மேகமும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. அதைக் கவனித்த பிறகு அந்த கேம் எனக்கு இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது.

நீங்கள் பொறியியல் படிப்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஜக்கார்டு தறி 1804ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல்களில் எது மேலே எழவேண்டும் என்பதை அட்டையில் போட்ட ஓட்டைகள் முடிவு செய்தன. ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்ல்ஸ் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டார். தறியை உருவாக்கிய ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த ஒரு படம் பாபேஜிடம் இருந்தது. அதை நெய்வதற்குச் சுமார் 24,000 அட்டைகள். கணிதம் தெரிந்த ஏடா லவ்லேஸ் 1843இல் வெளியிட்ட குறிப்புகளில், தறி பூவும் இலையும் நெய்வதைப் போல பாபேஜின் இயந்திரம் இயற்கணிதக் கோலங்களை நெய்யும் என்று எழுதினார். பிறகு அப்போலோ விண்கலங்களின் கணினிக்கு நிரலைப் பதிவு செய்ததும் நெசவு போன்ற வேலைதான். காந்த வளையத்துக்குள் கம்பி நுழைந்து போனால் 1, வெளியே போனால் 0. தொழிற்சாலையில் பெண்கள் ஊசியைப் பிடித்துக் கையாலேயே அதைக் கோத்தார்கள்.

கணினி விரும்பிகளும் ஊசி பிடிப்பவர்களும் இரண்டு கூட்டம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். "இதை எப்படிச் செய்திருப்பார்கள்?" என்று கேட்டுவிட்டால் தூக்கம் வராது, இரண்டு பேருக்குமே.

என் மகள் டிசைன் படிக்கிறாள். அறை முழுக்க நூல்கண்டு, களிமண், அரைகுறையாகப் பெயின்ட் அடித்த பொம்மைகள். கேட்டால் "இதுவும் படிப்புதான்" என்கிறாள். உண்மையா?
(ஒரு தாய்)

உண்மைதான் அம்மா. எல்லாமே இல்லாவிட்டாலும் பெரும்பகுதி உண்மை.

1977இல் வெளியான ஸ்டார் வார்ஸ் படத்தின் விண்கலங்களை நினைத்துப் பாருங்கள். கடையில் விற்கும் டாங்கி, விமான பொம்மைப் பெட்டிகளை வாங்கி, அவற்றின் பாகங்களைப் பிய்த்து ஒட்டித்தான் அந்த மாதிரிகளைச் செய்தார்கள். வெறும் மட்டமான பரப்பில் குட்டிக் குட்டிப் பாகங்கள் வந்து உட்கார்ந்ததும் அது மிகப் பெரிய கலமாகக் கண்ணுக்குப் படுகிறது. எந்த அளவில் விவரம் சேர்த்தால் பொருள் பெரிதாகத் தெரியும் என்பது டிசைன் பாடம். பொம்மையைக் கையில் வைத்துப் பார்க்காமல் அது புரியாது.

அன்னி ஆல்பர்ஸ் 1922இல் ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்தார். பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பிய காலம் அது. அவருக்கும் தறிதான் கிடைத்தது. அந்தத் தறியில் அவர் செய்த வேலைகள் 1949இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சியாக இடம்பெற்றன. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே தனிக் கண்காட்சி நடந்தது அதுவே முதல் முறை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவள் செய்த எதையாவது கையில் எடுத்து, "இது எதற்கு?" என்று கேட்பதற்குப் பதில் "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். நிறுத்தாமல் பேசுவாள். அறை குப்பையாக இருப்பது வேறு விஷயம்; அதைச் சுத்தம் செய்யத் தாராளமாகச் சொல்லலாம்.

எனக்குப் பிடித்த அனிமே பாத்திரங்களை வரைந்து ஸ்டிக்கராக விற்கலாமா?

வரைவது நல்ல பயிற்சி, நிறைய வரையுங்கள். விற்பனை என்று வந்தால் அந்தப் பாத்திரம் உரிமையாளருடையது, அவருடைய அனுமதி வேண்டும். ரசிகர்களுக்கென்று சில நிறுவனங்கள் தனியாக விதிமுறை வெளியிடுகின்றன, முதலில் அதைத் தேடிப் படியுங்கள். உங்கள் சொந்தப் பாத்திரம் ஒன்றையும் கூடவே வளர்த்து வாருங்கள்.

காஸ்ப்ளேவுக்குக் கவச உடை செய்ய ஆசை. படத்தில் பார்க்க இரும்பு மாதிரி இருக்கிறது. எதில் செய்வது, எப்படி ஆரம்பிப்பது?

ஆகா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

பெரும்பாலான கவசங்கள் ஈ.வி.ஏ. ஃபோமில் செய்தவை. உடற்பயிற்சிக்குத் தரையில் விரிக்கும் பாய்களில் பலவும் இதே பொருள்தான். லேசாக இருக்கும், கத்தியால் வெட்டலாம், சூடு காட்டினால் வளையும், ஆறியதும் அந்த வளைவு அப்படியே நிற்கும்.

முதலில் அளவு எடுக்க வேண்டும். நான் டேப்பை வைத்து அளப்பதில்லை. உடம்பில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் ஒட்டும் டேப்பை ஒட்டி, பேனாவால் கவசத்தின் கோடுகளை அதன்மேலேயே வரைந்துவிடுவேன். பிறகு அந்தக் கோடுகளில் வெட்டி எடுத்துத் தட்டையாக விரித்தால் உங்கள் உடம்புக்கான பேட்டர்ன் கிடைத்துவிடும். மூச்சை இறுக்காமல் சுற்றுங்கள், வெட்டும்போது முனை மழுங்கிய கத்தரியைப் பயன்படுத்துங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். கோடுகளுக்குக் குறுக்கே சின்னச் சின்ன அடையாளங்கள் போட்டு வையுங்கள். ஒட்டும்போது எந்த விளிம்பு எதோடு சேரும் என்பதை அவைதான் சொல்லும். தையல் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. ரவிக்கைக்குப் பிடிக்கும் டார்ட்டும் தோள் கவசத்தின் வளைவும் ஒரே கணக்கு: தட்டையான பரப்பிலிருந்து ஒரு ஆப்பு வடிவத்தை எடுத்துவிட்டு விளிம்புகளைச் சேர்த்தால் புடைப்பு வரும்.

கத்தி மழுங்கினால் ஃபோம் பிசிறு பிசிறாகக் கிழியும், ஆகவே பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். வெட்டி முடித்ததும் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் மேற்பரப்பை ஒரு தடவை சூடாக்குங்கள். நுண்துளைகள் மூடிக்கொண்டு லேசான பளபளப்பு வரும், பெயின்ட் உறிஞ்சாது. ஒட்டுவதற்கு கான்டாக்ட் சிமென்ட் என்ற பசை. இரண்டு விளிம்பிலும் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, அப்புறம் சேர்த்து அழுத்த வேண்டும். தொட்டதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது.

அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது பாதுகாப்பைத்தான். அந்தப் பசையின் நெடி கெடுதல். ஜன்னல், கதவைத் திறந்துவைத்து, அதற்குரிய வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். உப்புத்தாள் தேய்க்கும்போது பறக்கும் தூளுக்கும் கவசம் வேண்டும். துணி முகமூடி போதாது.

இரும்பு மாதிரி காட்டுவது கடைசி வேலை. வளையும்போது வெடிக்காத, ரப்பர் தன்மை உள்ள பூச்சை முதலில் அடியுங்கள். அதன்மேல் கறுப்பு, பிறகு வெள்ளி நிறம். பிரஷ்ஷில் ஒட்டியிருக்கும் பெயின்டைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் விளிம்புகளை மட்டும் உரசுங்கள். பள்ளத்தில் தண்ணீராகக் கரைத்த அடர்பழுப்பை விட்டு, மேலே படிந்ததைத் துடைத்தெடுங்கள். உண்மையான இரும்பில் கை படும் இடம் தேய்ந்து மின்னும், படாத இடத்தில் அழுக்கு சேரும். அதைத்தான் நீங்கள் வரைகிறீர்கள். தொடங்கும் முன் பழைய பூட்டு, கதவுக் கைப்பிடி எதையாவது கிட்டப்போய் நன்றாகப் பாருங்கள்.

முதல் முயற்சிக்கு முழு உடையும் வேண்டாம். ஒரு முன்கைக் கவசம் செய்யுங்கள். வெட்டு, வளைவு, ஒட்டு, பெயின்ட் எல்லாமே அதில் வந்துவிடும்.

கணித ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்புக்குக் கொண்டுபோக ஏதாவது கைவினை சொல்லுங்களேன்.

இரண்டு சொல்கிறேன், டீச்சர்.

ஒன்று குரோஷே, கொக்கி ஊசியால் நூலைப் பின்னுவது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த டைனா டைமினா, 1997இல் அதிபரவளையத் தளத்தை (எந்த இடத்திலும் குதிரைச் சேணம் போல வளையும் பரப்பை) குரோஷே ஊசியால் பின்னிக் காட்டினார். அதுவரை காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்த மாதிரிகள் சீக்கிரம் கிழிந்துவிடும். பின்னும் விதி ரொம்ப எளிது: குறிப்பிட்ட தையல்களுக்கு ஒரு முறை கூடுதலாக ஒரு தையல் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஐந்துக்கு ஒன்று என்று வைத்தால், 20 தையலில் தொடங்கும் வரிசை அடுத்து 24, அதற்கடுத்து 28 என்று ஏறி, நாலைந்து வரிசைக்குள் இரண்டு மடங்காகிவிடும். விளிம்புக்கு இடம் போதாமல் சுருள் சுருளாக எழும்பும். அதை மடித்தால் விழும் மடிப்புதான் அந்தத் தளத்தில் நேர்கோடு. வேறு நிற நூலால் அதைத் தைத்துவிட்டு, வெளியே ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளி வழியாக முதல் கோட்டைத் தொடாத மடிப்புகள் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பள்ளியில் படிக்கும் யூக்ளிடின் தட்டையான தளத்தில் ஒன்றே ஒன்றுதான் முடியும். பிள்ளைகள் அதைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்று மியுரா மடிப்பு. ஜப்பானிய விண்வெளிப் பொறியாளர் கொர்யோ மியுராவின் பெயரால் வழங்குவது. இணைகரங்கள் வரிசையாக வரும்படி மடித்த தாளின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் ஒரே அசைவில் முழுதாக விரியும், தள்ளினால் மூடிக்கொள்ளும். 1995இல் விண்ணுக்குப் போன ஜப்பானிய விண்கலம் ஒன்றின் சூரியத் தகடு இந்த முறையில்தான் மடிந்திருந்தது. மடிக்கும் கோடுகளைச் செங்குத்தாக வைக்காமல் லேசாகச் சாய்த்துப் போடுவதுதான் முக்கியம். சாதாரணமாக மடித்த வரைபடத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரிக்கச் சொல்லுங்கள், சாய்வு என்ன செய்கிறது என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அக்கா, பிடித்த கேம் பாத்திரத்தைக் கிராஸ் ஸ்டிச் போட வேண்டும். எவ்வளவு பெரிதாக வரும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(பள்ளி மாணவி)

வகுத்தால் போதும் தங்கை. கிராஸ் ஸ்டிச்சுக்கென்றே கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கட்டம் என்று எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் 14. படத்தின் அகலம் 32 பிக்சல் என்றால் 32-ஐ 14-ஆல் வகு; இரண்டேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. சுற்றிலும் இரண்டு, மூன்று அங்குலம் துணி விட்டு வெட்டு. நூலில் ஆறு இழை இருக்கும், இரண்டு இழையைப் பிரித்துக் கோத்துக்கொள். மேலே விழும் சாய்வுத் தையல் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கவேண்டும், அப்போதுதான் ஒளி ஒரே மாதிரி பட்டுப் பளிச்சென்று தெரியும். துணியை நாலாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கு.

டிசைன் கல்லூரி நேர்காணலுக்கான போர்ட்ஃபோலியோவில் ரசிகர் படங்களை வைக்கலாமா? வைத்தால் சிறுபிள்ளைத்தனம் என்று நினைப்பார்களோ?

வையுங்கள், ஆனால் அச்சு அசலாகப் பார்த்து வரைந்ததை மட்டும் வைக்காதீர்கள். கை பழகியிருக்கிறது என்பது அதில் தெரியும். நீங்கள் என்ன யோசித்தீர்கள் என்பது தெரியாது. ஒரு பாத்திரத்தை எடுத்து நீங்களே ஒரு நெருக்கடியை வையுங்கள். இரண்டே நிறம், 16-க்கு 16 கட்டம், அல்லது ஒரே ஒரு தாளை வெட்டாமல் மடிப்பது. அதில் எது போனால் அவர் அவராக இல்லாமல் போய்விடுகிறார் என்று தேடுங்கள். தேடியபோது கழித்த வரைபடங்களையும் அதே பக்கத்தில் ஒட்டுங்கள், அடித்த கோடுகளை அழிக்காதீர்கள்.

செய்த பொருள்களை ஜன்னல் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள், பக்கத்தில் அளவுகோல் ஒன்று இருக்கட்டும். தையல் வேலை என்றால் துணியின் பின்பக்கத்தையும் எடுங்கள். நூல் எங்கே ஆரம்பித்து எப்படித் திரும்பி எங்கே முடிந்தது என்பதை விவரம் தெரிந்தவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள்.