ராணுவ அனுபவம் இல்லாத பேராசிரியர் என்.சி.சி. அதிகாரி ஆகலாமா?

கேள்வி: கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் என்.சி.சி. அதிகாரி ஓய்வு பெறுவதால் என்னைப் பொறுப்பேற்கச் சொல்கிறார் முதல்வர். படிக்கும்போது நான் என்.சி.சி.யில் இருந்ததில்லை. ஏற்கலாமா?

பதில்: தாராளமாக ஏற்கலாம். படிக்கும்போது என்.சி.சி.யில் இருந்து, அதன் தேர்வில் தேறி வாங்கும் 'சி' சர்டிபிகேட் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை உண்டு, அவ்வளவுதான். இந்தப் பொறுப்புக்கு வரும்வரை நானும் பரேடை மரத்தடியில் நின்று வேடிக்கை பார்த்தவன்தான்.

வீட்டில் எப்படியும் கேட்பார்கள், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்: சண்டைக்கெல்லாம் அனுப்ப மாட்டார்கள். என்.சி.சி.யில் இருப்பதால் மட்டும் யாரும் போர்ப்பணிக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

கல்லூரி உங்கள் பெயரைப் பரிந்துரைக்கும். நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்து பயிற்சிக்குப் போகும்வரை 'கேர்டேக்கர்' என்ற பெயரில் பார்த்துக்கொள்வீர்கள். பயிற்சி ஓ.டி.ஏ.வில் (அதிகாரிகள் பயிற்சி மையம்) என்றதும், ராணுவ அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் சென்னைப் பரங்கிமலை என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்களுக்கு நாக்பூர் பக்கத்தில் காம்ப்டி, பெண்களுக்குக் குவாலியர். முடித்தால் கல்லூரி ஆசிரியர் லெப்டினன்ட். பள்ளி ஆசிரியர் என்றால் தேர்டு ஆபீசர். மதிப்பூதியம் வரும். அதை நம்பி இ.எம்.ஐ. எதுவும் போட்டுவிடாதீர்கள்.

டிரில்லும் துப்பாக்கியும் சொல்லித்தர, நம் கல்லூரியை மேற்பார்க்கும் என்.சி.சி. பட்டாலியனிலிருந்து ராணுவ ஹவில்தார்கள் வருவார்கள். அந்த வேலையை அவர்களைப் போல நம்மால் செய்யவும் முடியாது. நம் தலையில் விழுவது மற்றதெல்லாம்: சேர்க்கைப் படிவம், வருகைப் பதிவு, பெற்றோர் சம்மதக் கடிதம், யாருக்கு எந்த அளவு பூட்ஸ், பரேடு முடிந்து கொடுக்கும் டிபனுக்குக் கணக்கு. பத்து நாள் ஆண்டு முகாமில் நள்ளிரவில் ஒரு பையனுக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும், அவன் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேசுவதும் நீங்கள்தான். முதல் தடவையாக வீட்டை விட்டு வெளியே தங்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள். மூன்றாம் நாள் அழுகை, கடைசி நாள் கிளம்ப மனமில்லாமல் இன்னொரு அழுகை.

உண்மையான தலைவலி கல்லூரிக்குள்ளேதான். முகாம் தேதியும் இன்டர்னல் தேர்வும் மோதும். "உங்க பசங்க எப்பப் பார்த்தாலும் ஓ.டி.யிலேயே இருக்காங்களே சார்" என்பார் துறைத்தலைவர். (ஓ.டி. என்றால் 'ஆன் டூட்டி', வகுப்புக்கு வராவிட்டாலும் வருகை உண்டு.) ஜனவரியில் டெல்லி குடியரசு தின முகாமுக்கு ஒரு பையன் தேர்வானால் ஊரே கொண்டாடும், அவனுடைய விட்டுப்போன லேப் வகுப்பைப் பற்றி மட்டும் யாரும் பேச மாட்டார்கள். எனவே சம்மதம் சொல்வதற்கு முன்பே இரண்டு விஷயங்களை முதல்வரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கேடட்களுக்கு ஓ.டி.யும் மறுதேர்வும், நீங்கள் இல்லாத நாட்களில் உங்கள் வகுப்பை எடுக்க ஓர் ஆள். வாய் வார்த்தை அடுத்த முதல்வர் வரும்வரைதான் செல்லும்.

இவ்வளவுக்கும் ஏன் செய்கிறோம் என்றால், 'சி' சர்டிபிகேட்டில் குறைந்தது 'பி' கிரேடும் பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால், என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வு இல்லாமலே ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு போலீஸ் தேர்விலும் என்.சி.சி.க்குத் தனி மதிப்பெண் உண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு இந்தக் கதவு இருப்பதே தெரியாது. சேர்க்கையின்போது நாம்தான் கூப்பிட்டுச் சொல்லவேண்டும்.

சீருடை ஆசைக்காக மட்டும் என்றால் வேண்டாம். மற்றபடி, பயிற்சி எந்த மாதம் என்று பட்டாலியனில் கேட்டுவைத்துக்கொண்டு இப்போதே காலையில் ஓட ஆரம்பியுங்கள். மே மாத நாக்பூர் வெயில் பொல்லாதது.