டிப்ஸ் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

'டேக் அவுட்' படம் பார்த்தேன். நியூயார்க்கில் சீன உணவகத்து ஆள் ஒருவன் மழையில் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறான், வருகிறான், மறுபடி போகிறான். ஊர் ஏக்கம், பண்பாட்டுச் சிக்கல் எதுவும் ஆழமாக இல்லை. கேமரா வேறு ஆடுகிறது. இவ்வளவு கஷ்டமென்றால் ஊருக்கே திரும்பியிருக்கலாமே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேமரா ஆடினால் ஆடட்டும். ஷான் பேக்கரும் ஷி-சிங் ட்சௌவும் சுமார் 3,000 டாலரில், வியாபாரம் நடந்துகொண்டிருந்த கடைக்குள்ளேயே நின்று எடுத்த 2004-ஆம் வருடத்துப் படம் அது.

ஆனால் பிழைக்கப் போனவன் ஜன்னலோரம் நின்று அம்மாவை நினைத்து அழுதால்தான் ஆழம் என்று யார் சொன்னது? அந்தச் சைக்கிள்காரன் மிங்குக்கு அதற்கு நேரமில்லை. அமெரிக்காவுக்குத் திருட்டுத்தனமாக வந்ததற்கு வாங்கிய கடனுக்கு இரவுக்குள் தவணை கட்டவேண்டும். பெரும்பகுதியைக் கடன் வாங்கிவிட்டான். மிச்சத்துக்கு, வழக்கமாகக் கிடைப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அன்றைக்கு டிப்ஸ் வரவேண்டும். போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு 150 டாலர் குறைகிறது, கதவுக்கு 2 டாலர் என்றால் 75 கதவு. போய்வர 10 நிமிடம் என்றாலே பன்னிரண்டரை மணி நேரம். லிஃப்டுக்குக் காத்திருப்பது, சூப் சிந்துவது, பொட்டலம் மாறித் திரும்ப ஓடுவது, ஒரு டாலர்கூடத் தராமல் கதவைச் சாத்துவது எதுவும் இதில் சேரவில்லை. மழையென்றால் ஆர்டர் கூடும், சைக்கிள் ஊரும். நீங்கள் அலுத்துக்கொண்ட 'மறுபடி போகிறான்' இருக்கிறதே, கதையே அதுதான். கூட வேலை செய்யும் யங் தன் டெலிவரிகளையும் இவனுக்கு விட்டுக்கொடுக்கிறான். சிரி, 'தேங்க்யூ' சொல் என்று பழக்குகிறான். சிரிப்பும் அங்கே கணக்கில்தான் வருகிறது. உங்களுக்கு மட்டும் அது கண்ணில் படவில்லை.

திரும்பிப் போவதா? காசு வாங்கிக்கொண்டு ஆட்களைத் திருட்டுத்தனமாக வெளிநாட்டுக்குக் கொண்டுசேர்ப்பவரைச் சீனர்கள் 'பாம்புத்தலை' என்பார்கள். 1993-ல் அப்படி ஆட்களை ஏற்றிவந்த கோல்டன் வென்ச்சர் கப்பல் நியூயார்க்கின் ராக்கவே கரையில் தரைதட்டியது. உள்ளே 286 பேர், பெரும்பாலும் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துக்காரர்கள். பத்துப் பேர் செத்தார்கள். தலைக்குக் கூலி ஏறக்குறைய 30,000 டாலர். முன்பணம் கொஞ்சம்தான், ஆள் போய்ச் சேர்ந்ததும் பாக்கி. அதைச் சொந்தக்காரர்கள் வட்டிக்குப் புரட்டிக் கட்டுவார்கள். அப்புறம் கடன்காரர் பாம்புத்தலை அல்ல, மாமாவும் சித்தப்பாவும். திரும்பினால் சம்பளம் யுவானுக்கு இறங்கிவிடும், கடன் டாலரிலேயே நிற்கும். மாமா முகத்தில் எப்படி விழிப்பான்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு முறை பாருங்கள், அவன் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எண்ணும் இடங்களை மட்டுமாவது.